இரண்டாவது போர்டு

முதல் போர்டு ஒரே ஒரு துளித் தண்ணீரில் செத்துப்போனது. அந்தத் துளி எப்படி உள்ளே வந்தது என்று என் கணவன் மூன்று நாள் தேடினான். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, மூச்சைக்கூடப் பார்த்து விட்டுக்கொண்டு தேடினான். கடைசியில் கிடைத்தது. ஈரம் படாமலிருக்க போர்டின் மேல் தடவியிருந்த சாதாரண நகப்பூச்சு, குளிர் தாங்காமல் முடியளவு வெடித்திருந்தது. அந்த வெடிப்பில் பனி இறங்கி, உருகி, ஒன்றையொன்று தொடக்கூடாத இரண்டு கம்பிகளைத் தொட வைத்துவிட்டது. அந்த நகப்பூச்சை வேலை பார்க்கும் பார்லரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவள் நான்தான். அப்போது அதைப் பற்றி நான் பெரிதாக நினைக்கவில்லை. பூச்சைக் கேட்டவன் அவன், வெடிக்க வைத்தது குளிர், எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

இரண்டாவது போர்டு வியாழக்கிழமை வந்தது. பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. மூன்றாவது கிடையாது என்று அதில் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு தயாரிக்கிற ஒரு கம்பெனி, தன் சோதனைக்கூடத்துக்கு மூன்று பேரை எடுக்கப்போவதாக அறிவித்திருந்தது. பட்டம், சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. விண்ணப்பித்தவர்களில் பத்துப் பேரைப் பொறுக்கி, ஆளுக்கொரு போர்டு அனுப்பியது. அதில் பிராசஸரைப் பொருத்தி, எவ்வளவு வேகமாக ஓட்ட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓட்டி, சோதனை முடிந்ததற்கான படத்தை அவர்கள் பக்கத்தில் ஏற்ற வேண்டும். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பட்டியலில் மேலே இருக்கும் மூன்று பேருக்கு வேலை. அந்தச் சோதனைக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. காலையில் போனால் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இல்லையென்றால் வடக்குத் துறைமுகத்தில் ஒரு மீன் குளிர்க்கிடங்கு இருந்தது. மூன்று வருட ஒப்பந்தம். வருடத்துக்கு ஒரு முறை இரண்டு வாரம் விடுப்பு, குடும்பத்தோடு தங்க இடமில்லை. அவர்களுக்கும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவன் வேலை பார்த்த கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையை மூடிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. இது கிடைக்காவிட்டால் அது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் உட்கார்ந்து பேசியதே இல்லை. பேசாததாலேயே அது முடிவாகிவிட்டது.

வேகம் கூட்டினால் பிராசஸர் சூடாகும். சூட்டை எடுத்தால் இன்னும் வேகம் கூட்டலாம். விசிறி வைத்தும் தண்ணீர் ஓட்டியும் சூட்டை எடுப்பவர்கள் உண்டு. அவன் எடுத்த வழி ஃப்ரிட்ஜின் வழி. பழைய ஏசியிலிருந்து கழற்றிய கம்ப்ரெசர், அதிலிருந்து ஒரு தடித்த குழாய், குழாயின் நுனியில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய செப்புத் தலை. அந்தத் தலைக்குள் திரவம் ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டைக் கூட்டிக்கொண்டு போய்விடும். இதை அவன் படம் போட்டு விளக்கியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகொரு நாள் பார்லரில் ஒரு பெண்ணின் விரலில் நகப்பூச்சை அழிக்கிற அசிட்டோன் வைத்துத் துடைத்தேன். அவள் ஜில்லென்கிறது என்று கையை இழுத்தாள். எனக்கு அந்த நொடியில் முழுதும் புரிந்துவிட்டது. குளிர் என்று தனியாக ஒரு பொருள் இல்லை, சூடு எழுந்து போய்விட்ட இடத்துக்குத்தான் அந்தப் பெயர் என்று வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன். நான் ஏதோ நாவலில் படித்ததை ஒப்பிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த இயந்திரத்தை எங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகக் கூப்பிட்டார்கள். அவனுக்கு அது 'யூனிட்'. அதைச் செய்து கொடுத்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குக் கேஸ் அண்ணன் என்று பெயர், கேஸ் நிரப்பி நிரப்பி வந்த பெயர். அவருக்கு அது 'இவரு'. ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையைக் கம்ப்ரெசரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டுவிட்டு, "இவரு இன்னிக்கு நல்லா தூங்கி எழுந்திருக்காரு" என்பார். என் மாமியாருக்கு, அத்தைக்கு, அது ஒரு டம்ளர் தண்ணீர்கூட வைக்க முடியாத ஃப்ரிட்ஜ்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் புதிய போர்டை மேசையில் வைத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். எதைத் தடவுவது என்பதுதான் அவன் சிக்கல். களிம்பை அப்பிவிட்டால் ஈரம் அண்டாது. ஆனால் போட்டோவில் போர்டின் ஒவ்வொரு பாகமும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது கம்பெனியின் விதி. கண்ணாடி மாதிரித் தெரிகிற பூச்சு வேண்டும், வெடிக்கவும் கூடாது. நான் பார்லரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்.

"ஜெல் வெடிக்காது."

அவன் திரும்பவில்லை. "எந்த ஜெல்?"

"நகத்துக்குப் போடறது. தானா காயாது, லேம்ப் வெளிச்சத்துல காட்டினாத்தான் கெட்டியாகும். வளைச்சாலும் விரியாது. மூணு வாரம் பாத்திரம் தேய்ச்சாலும் அப்படியே இருக்கும்."

"உன் கஸ்டமருங்க மைனஸ் அம்பதுல பாத்திரம் தேய்ச்சிருக்காங்களா?"

"ஒருத்தி புருஷன்கூட மூணு வாரமா பேசாம இருக்கா. அதைவிடவா குளிரு?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். பிறகு அவன் திரும்பி உட்கார்ந்து என்னிடம் கேள்வி கேட்டான். மின்சாரம் கடத்துமா, எத்தனை நொடி வெளிச்சம் வேண்டும், கழற்ற முடியுமா. திருமணமாகி நான்கு வருடத்தில் என் தொழிலைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்விகள் அவை. கடத்தாது, அறுபது நொடி, முடியும் என்று வரிசையாகச் சொன்னேன்.

அன்றே, செத்துப்போன முதல் போர்டின் ஒரு மூலையில் என் தொழில் பையிலிருந்த ஜெல்லைத் தடவி, லேம்பில் காட்டி, யூனிட்டின் செப்புத் தலையை அதன் மேல் ஒரு மணி நேரம் அழுத்தி வைத்தோம். மைனஸ் நாற்பத்தைந்து வரை இறங்கியது. எடுத்துப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. அவன் பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டி, நீயே பார் என்றான்.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை, சனிக்கிழமைக்கும் சொல்லி வைத்திருந்தேன். மதியம் ஜன்னலோரமாக மேசையை இழுத்துப் போட்டு, நான் அந்தப் போர்டுக்கு ஜெல் பூசினேன். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டையும் மெமரி செருகும் பள்ளங்களையும் அவன் டேப் ஒட்டி மூடிக் கொடுத்தான். கைக்காகச் செய்த லேம்ப் அது, போர்டு உள்ளே நுழையாது. அடித்தட்டைக் கழற்றி, கவிழ்த்துப் பிடித்து, ஓரங்குலம் ஓரங்குலமாக நகர்த்தினேன். அவன் பக்கத்தில் நின்று அறுபது வரை எண்ணினான். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது, நகர்த்து. அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, இரண்டு பேரும் சேர்ந்து எதற்கு மருதாணி வைக்கிறீர்கள் என்று கேட்டாள். பச்சைப் பலகை, அதில் பொன்னிறக் கோடுகள், நடுவில் நடுவில் சின்னச் சின்னக் கறுப்புப் பெட்டிகள். மேலிருந்து பார்த்த ஒரு ஊர் மாதிரி இருந்தது. எல்லா வீட்டுக் கூரைக்கும் நான் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெல் வேலையில் முதல் பாடம் மெல்லிசாகப் போடு என்பது. கனமாகப் போட்டால் வெளிச்சம் மேல்தோலை மட்டும் இறுக்கும், அடியில் இருப்பது பாலாடைக்குக் கீழே இருக்கிற பால் மாதிரி திரவமாகவே கிடக்கும். மெல்லிசாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் லேம்ப். பார்லருக்கு வருகிற புதுப் பெண்களிடம் இதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. போர்டின் ஓரங்களில் அப்படித்தான் போட்டேன். சாக்கெட்டைச் சுற்றி வந்தபோது, அந்த முடியளவு வெடிப்பு என் கண்ணுக்குள் வந்து நின்றது. அதிகக் குளிர் படுகிற இடம் இதுதான். இங்கே விரிந்தால் இவன் போய்விடுவான். பிரஷ்ஷை இன்னொரு தடவை பாட்டிலில் முக்கினேன். பிறகு இன்னொரு தடவை. லேம்ப் காட்டி நகத்தால் தட்டிப் பார்த்தேன். டக் என்று கெட்டியாகச் சத்தம் வந்தது. டேப்பை உரித்தபோது விளிம்புகள் கத்தியால் வெட்டியது போலச் சுத்தமாக இருந்தன.

"தொழில்காரி," என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான். நான் அன்று இரவு அதை நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

சனிக்கிழமை காலை வானம் மூடியிருந்தது. காற்றில் ஈரம் ஏறினால் பனி பிடிக்கும் என்பதால், வீட்டில் எதையும் கொதிக்க வைக்கக்கூடாது, யாரும் வெந்நீரில் குளிக்கக்கூடாது என்று அவன் முதல் நாளே சொல்லியிருந்தான். காலையில் ரொட்டியும் வாழைப்பழமும்தான். அத்தை காலி டம்ளரை மேசையில் வைத்து, டீயும் கிடையாதா என்று கேட்டாள். அவன் சுவரில் மாட்டிய ஈரமானியைக் காட்டினான். அவள் அதையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூச்சாவது விடலாமாடா?"

"கொஞ்சமா விடும்மா."

கேஸ் அண்ணன் ஒன்பது மணிக்கு வந்தார். செப்புத் தலையைப் போர்டோடு பிடித்து வைக்கிற தகட்டை அவர் புதிதாக அறுத்துக் கொண்டுவந்திருந்தார், ஏனென்றால் இந்தப் போர்டில் துளைகள் பழைய போர்டில் இருந்த இடத்தில் இல்லை. வைத்துப் பார்த்தால் மூன்று துளை சேர்ந்தது, நான்காவது அரிசி அளவு தள்ளி இருந்தது. அளவெடுத்தது யார் என்று அவனும், அளவைச் சொன்னது யார் என்று அவரும் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு அவர் பால்கனியில் உட்கார்ந்து அரை மணி நேரம் அரத்தால் ராவினார்.

அவன் பிராசஸரை எடுத்து, நான்கு விரல்களால் விளிம்பைப் பிடித்து, சாக்கெட்டில் இறக்கினான். சாக்கெட்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பின்கள் இருந்தன, ஒவ்வொன்றும் கண்ணிமை முடியைவிடச் சின்னது. நெம்புகோலைச் சாய்த்துப் பூட்டினான். சுற்றிலும் கறுப்பு நுரைப்பட்டையை அடுக்கினான். போர்டின் பின்பக்கம் பனி பிடிக்காமலிருக்க மெல்லிய சூட்டுப்பட்டை ஒன்றை ஒட்டினான். பிராசஸரின் முதுகில் சூடு கடத்தும் பசை தடவி, செப்புத் தலையை இறக்கி, நான்கு நட்டுகளையும் குறுக்குக் குறுக்காக, கால் சுற்று கால் சுற்றாக முடுக்கினான். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் பிராசஸர் நொறுங்கிவிடும். அவன் நெற்றியில் வழிந்த வியர்வை போர்டில் விழாமல் நான் துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தேன். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அவன் பின்னால் கையை நீட்டியபோதெல்லாம் அவன் கேட்காமலே சரியான கருவியைக் கையில் வைத்தேன்.

யூனிட்டை முதலில் ஓட விட வேண்டும், குளிர்ந்த பிறகுதான் கம்ப்யூட்டரை ஏற்ற வேண்டும். கேஸ் அண்ணன் காதில் ஸ்க்ரூடிரைவரோடு தலையாட்டினார். எண்கள் இறங்கின. பத்து, பூஜ்யம், மைனஸ் பதினைந்து. குழாய் வெண்மையாகப் பூத்தது. இருபத்தைந்து நிமிடத்தில் மைனஸ் நாற்பத்தெட்டில் வந்து நின்றது. அவன் பட்டனை அழுத்தினான். திரை ஒளிர்ந்தது.

அத்தைகூட நின்று பார்த்தாள்.

மூன்றாவது இடத்தில் இருந்தவரின் வேகம் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஆறாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு. அவன் ஆறாயிரத்து ஐந்நூறில் தொடங்கினான். சோதனை ஓடி முடிந்தது, படம் எடுத்து ஏற்றினான். அறுநூறு, அதுவும் முடிந்தது. அறுநூற்று ஐம்பது. ஒவ்வொரு முறையும் பட்டியலில் ஒருவரைத் தாண்டினான். ஒன்றே முக்கால் மணிக்கு ஆறாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு ஓடியது. நான்காவது இடம். இன்னும் இருபத்துமூன்று போதும். இரண்டேகால் மணி நேரம் மிச்சமிருந்தது. இரண்டு பஸ் என்றால் ஏழரைக்குக் கிளம்ப வேண்டும், சாப்பாட்டை ஏழுக்குள் கட்டிவிட வேண்டும் என்று நான் கணக்குப் போட்டேன். என்னால் அடக்க முடியவில்லை, மனசு தானாகப் போட்டது.

எழுநூற்று இருபது என்று வைத்து அவன் கம்ப்யூட்டரை மறுபடி ஏற்றினான். திரை வந்தது. மெமரி பாதிதான் காட்டியது.

அணைத்து ஏற்றினான். மறுபடியும் பாதி. வேகத்தைப் பழைய அளவுக்கே இறக்கினான். இப்போது திரையே வரவில்லை. போர்டின் மூலையில் இருந்த, பழுதைக் காட்டுகிற சின்ன எண்பலகை இரண்டு எழுத்துகளைக் காட்டி நின்றது. பின்பக்கம் பனி பிடித்திருக்க வேண்டும் என்று அவன் நினைத்தான். சூட்டுப்பட்டையை முழு அளவுக்குத் திருகினான். பத்து நிமிடம் காத்திருந்தோம். எண்பலகையில் இருந்த எழுத்துகளும் போய்விட்டன.

திறந்து பார்த்துவிடலாமா என்று கேட்டான். யாரிடம் கேட்டான் என்று தெரியவில்லை. திறக்க வேண்டுமென்றால் யூனிட்டை நிறுத்தி, எல்லாம் அறைச் சூட்டுக்கு வர வேண்டும். குளிர்ந்திருக்கும்போது திறந்தால் காற்றில் உள்ள ஈரம் மொத்தமும் அதன் மேல் வந்து உட்கார்ந்துவிடும். திறந்து, சரிசெய்து, மூடி, மறுபடி குளிர வைக்க இருபத்தைந்து நிமிடம் வேறு வேண்டும். கேஸ் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். இவரை நிறுத்தினால் அவ்வளவுதான் தம்பி என்றார். அவன் யூனிட்டை நிறுத்தினான்.

நான் முடி உலர்த்தியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஐம்பதுக்கு நட்டுகளைக் கழற்றினான். நுரைப்பட்டை காய்ந்திருந்தது. பின்பக்கமும் காய்ந்திருந்தது, எங்கேயும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டுப் போனது. பிறகு நெம்புகோலைத் தூக்கி, பிராசஸரை எடுத்தான்.

சாக்கெட்டின் ஒரு ஓரத்தில் பின்கள் மினுங்கின. மெல்லிய காகிதத்தின் நுனியை மடித்து அங்கே தொட்டு எடுத்தான். தண்ணீராக இருந்தால் காகிதம் உறிஞ்சியிருக்கும். இது நூலாக நீண்டது. அந்த வாசனை எனக்கு வந்தது. லேசான இனிப்பு கலந்த பிளாஸ்டிக் வாசனை, தினமும் எட்டு மணி நேரம் என் மூக்கில் இருப்பது. கனமாகப் போட்ட இடத்தில், இறுகின தோலுக்கு அடியில் திரவமாகவே இருந்திருக்கிறது. நுரைப்பட்டை அழுத்த, பின்னாலிருந்து சூட்டுப்பட்டை இளக்க, அது ஊர்ந்து ஊர்ந்து சாக்கெட்டுக்குள் போய், பின்களுக்கும் பிராசஸருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டது. மின்சாரம் கடத்துமா என்று அவன் கேட்டபோது கடத்தாது என்று நான்தான் சொன்னேன். ஆமாம், கடத்தவில்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் காகிதத்தை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டான்.

"என்ன தம்பி?" என்றார் கேஸ் அண்ணன். இருபத்தைந்து வருடமாகக் கேஸும் ஈயப் புகையும் பட்டு அவருக்கு வாசனை தெரியாது.

"தண்ணிதான் அண்ணே."

நான் என் பையிலிருந்து ஆல்கஹாலையும், பூ வரைகிற மிக மெல்லிய பிரஷ்ஷையும் எடுத்து வந்து உட்கார்ந்தேன். இறுகாத ஜெல்லை ஆல்கஹால் எடுத்துவிடும். ஈரத்துக்கு ஸ்பிரிட் நல்லது என்று கேஸ் அண்ணன் தலையாட்டினார். அவன் விளக்கைப் பிடித்தான். ஒரு நகத்தில் ஏழு இதழ் பூ வரைகிற கை என்னுடையது, நடுங்காது. பின் பின்னாக, சாய்வு மாறாமல் துடைத்தேன். முதல் வரிசை சுத்தமாயிற்று, இரண்டாவதும். மூன்றாவதைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் முதல் வரிசை மறுபடி மினுங்கியது. சாக்கெட்டின் அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. மறுபடி துடைத்தேன். அவன் நேரத்தைச் சொல்லவில்லை. விளக்கைப் பிடித்த கையை மட்டும் ஒரு முறை மாற்றிக்கொண்டான். அத்தை வந்து, இனிமேலாவது அடுப்பைப் பற்றவைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, அவளுக்குப் புரிந்திருந்தது.

மூன்று முப்பத்தைந்து தாண்டியதும் அவன் விளக்கை அணைத்தான். இனி சுத்தமானாலும் குளிர வைக்க நேரமில்லை. நான் துடைப்பதை நிறுத்தவில்லை. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து, பிரஷ்ஷை விரல்களிலிருந்து உருவி, அதன் மூடியைத் தேடி எடுத்துப் போட்டு, மேசையில் வைத்தான்.

நான்கு மணிக்கு அந்தப் பக்கத்தை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். பட்டியல் சாம்பல் நிறமாக மாறி உறைந்தது. நான்காவது. அவன் பெயருக்கு எதிரே அறுநூற்றுத் தொண்ணூறு அப்படியே இருந்தது. கேஸ் அண்ணன் தன் கருவிகளை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்தார். எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகும் எழுந்து போகத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"கிடங்குல மைனஸ் இருபத்தஞ்சுதானாம்," என்றார் கடைசியில். "நம்ம கணக்குக்கு அது வெயில் தம்பி."

அவன் அவருக்காகச் சிரித்தான். அவர் போகும்போது என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். அவர் என்ன நினைத்துக்கொண்டு வைத்தார் என்று தெரியவில்லை. தண்ணீர் என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் கூசியது.

ஐந்தே முக்காலுக்கு அவன் குளிர்க்கிடங்குக்குப் போன் செய்தான். வருகிறேன் என்றான். அதைச் சொல்ல இரண்டு நொடிதான் ஆயிற்று. பிறகு அவர்கள் வரிசையாகக் கேள்வி கேட்டார்கள், அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். வயது, ரத்த வகை, காசநோய் வந்ததுண்டா. எந்தத் தேதி பஸ் என்பதை அவர்களே சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை காலை. பிறகு அவன் போனைக் காதோடு வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான்.

"குளிர் கோட்டுக்கு மார்பளவு கேக்கறாங்க."

எனக்குத் தெரியவில்லை. நான்கு வருடமாக அவன் சட்டைகளைத் துவைத்து மடித்திருக்கிறேன், கழுத்தில் என்ன எண் இருந்தது என்று நினைவில்லை. அத்தையின் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து வந்தேன். அவன் ஒரு கையில் போனோடு, இன்னொரு கையை உயர்த்தி நின்றான். பின்னாலிருந்து டேப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முனையையும் அவன் முதுகில் சேர்த்துப் பிடித்தேன். அவன் மூச்சு விடும்போது டேப் தளர்ந்தது, இழுக்கும்போது இறுகியது.

"அது தண்ணி இல்ல," என்றேன், அவன் முதுகைப் பார்த்து. "நான் கனமா போட்டுட்டேன்."

அவன் போனைக் கையால் மூடினான்.

"தெரியும்," என்றான். கோபம் இல்லை. ஆறுதலாகச் சொல்வது போலவும் இல்லை. ஆனால் திரும்பவில்லை. "சட்டைக்கு மேல அளந்ததா, உள்ள அளந்ததான்னு கேக்கறாங்க."

"மேல. முப்பத்தொன்பது."

"மேலதான்," என்று போனில் சொன்னான். "முப்பத்தொன்பது."

இரண்டு அளவு பெரிதாக எழுதிக்கொண்டார்கள். உள்ளே மூன்று சட்டை போட வேண்டியிருக்குமாம். பிறகு பூட்ஸுக்குப் பாத அளவு கேட்டார்கள். செருப்பு எண் போதாது, சென்டிமீட்டரில் வேண்டும் என்றார்கள். நான் ஒரு வெள்ளைக் காகிதத்தைத் தரையில் வைத்து, பென்சிலோடு அவன் காலடியில் உட்கார்ந்தேன். அவன் வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு, காகிதத்தின் மேல் காலை வைத்தான்.